அறிவுக்கேணி நூறு சதவீதம்

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றாராம்" என்று சொல்லித் தலைமையாசிரியை கடிதத்தை மேஜைமேல் தள்ளினார்.

அறிவியல் வாத்தியார் அதை இரண்டு தரம் படித்தார். முதல் தரம் கண்ணாடி போடாமல், இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு. இரண்டு தரமும் ஒரே சங்கதிதான் இருந்தது.

சங்கதி இதுதான். கல்வி அலுவலகம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் 'அறிவுக்கேணி' என்று ஓர் இணையதளம் நடத்துகிறது. பாடம், படம், வீடியோ, பயிற்சி வினா எல்லாம் அதில் கிடைக்கும். எந்தப் பள்ளி அதை எவ்வளவு பயன்படுத்துகிறது என்று மாதாமாதம் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். பத்து மாதமாக விடாமல் நூறு சதவீதம் பயன்படுத்தியிருக்கும் ஒரே பள்ளி இந்தப் பள்ளிதான். அந்த அதிசயத்தை நேரில் கண்டு போக அதிகாரி வருகிறார்.

"நூறுன்னு போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"பத்து மாசமுமா?"

"முதல் மாசம் போட்டேன். அப்புறம் அதையே பாத்து எழுதிட்டேன்."

"மத்த ஸ்கூல்லாம் என்ன போட்டாங்களாம்?"

"அறுபது, அறுபத்தஞ்சு. விவரமானவங்க."

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அறிவியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அரைமார்க்'. இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளைக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் படம் சின்னது என்பார். படமும் சரியாக இருந்தால் ஓரத்துக் கோடு கோணல் என்று அரை மார்க்கைப் பிடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஆயுளில் ஒரே ஒரு தடவை தாராளமாக நடந்துகொண்டார். அதுவும் தனக்கே. வசமாக மாட்டிக்கொண்டார்.

"அந்த வெப்சைட்ட ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

"படிவத்துல பாத்திருக்கேன் மேடம். மேலயே அட்ரஸ் போட்டிருக்கும்."

தலைமையாசிரியை கடிதத்தின் கடைசி வரியைப் பேனாவால் தட்டினார். "பொய்த் தகவல் குடுத்தா வேலை நீக்கம்னு இங்க போட்டிருக்கு. படிவத்துல கீழ என் கையெழுத்து இருக்கு. நீங்க தனியா போக மாட்டீங்க, என்னையும் கையோட கூட்டிட்டுத்தான் போவீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் கேணிய எப்படியாவது திறந்து காட்டுங்க."

கம்ப்யூட்டர் அறையின் சாவி கிடைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அது விளையாட்டு வாத்தியாரிடம் இருந்தது. ரிப்பன் வெட்டித் திறந்த மறுவாரமே அவர் தன் பந்துகளையும் வளையங்களையும் அங்கே குடியேற்றிவிட்டார். ஆறு கம்ப்யூட்டர்கள் உறை போட்டு உட்கார்ந்திருந்தன. உறையை எடுத்ததும் அறிவியல் வாத்தியார் எட்டு தரம் தும்மினார். ஒரு மானிட்டருக்குள் உறுப்பு ஒன்றுமே இல்லை. விளையாட்டு வாத்தியார் அதில் விசில் போட்டு வைத்திருந்தார்.

ஆறில் ஒன்றுக்கு உயிர் இருந்தது. ஆனால் பதினோரு நிமிஷம் முக்கி முனகித்தான் எழுந்தது. வாத்தியார் அட்ரஸை ஒவ்வொரு எழுத்தாக, ஒரு விரலால் தட்டினார்.

'இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தது.

தன் கைதான் சரியில்லை என்று நினைத்து டிராயிங் டீச்சரைக் கூப்பிட்டார். அந்த அம்மா எழுத்து எழுத்தாக வாசிக்க, இவர் தட்டினார். கிடைக்கவில்லை. இவர் வாசிக்க, அந்த அம்மா தட்டினார். அப்போதும் கிடைக்கவில்லை. நெட் வருகிறதா என்று வேறு ஏதாவது பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேறு அட்ரஸ் ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போன கையோடு கல்லூரியில் படிக்கும் மகளைப் பிடித்தார். அவள் தன் லேப்டாப்பில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா, நெட் நல்லாத்தான் இருக்கு. இந்த சைட்தான் வரல."

"அப்ப நம்ம வீட்டு நெட்டும் சரியில்ல."

"அய்யோ அப்பா, மத்ததெல்லாம் வருது பாருங்க. உங்களுக்கு அறிவியல்தானே? இங்க வாங்க." அவள் எதையோ தட்டினாள். திரை நிறைய ஓர் இதயம் வந்து நின்று துடித்தது. "விரலால சுத்துங்க. உள்ள போகணும்னா ரெண்டு தட்டு தட்டுங்க."

வாத்தியார் சுற்றினார். உள்ளே போனார். வால்வு ஒன்று அவர் கண்ணெதிரே திறந்து மூடியது. அவருக்கு வாய் மூடவில்லை.

"இருபத்தாறு வருஷமா இத போர்டுல வரையறேன். ஒரு வருஷமாவது மாங்கா மாதிரி இல்லாம வந்திருக்கா?"

"இது மட்டுமில்லப்பா. இங்க பாருங்க, இது நட்சத்திரம். எந்த ஊர்ல நின்னு பாத்தா எது தெரியும்னு காட்டும். இது லேப். எந்த அமிலத்துல எத ஊத்தினாலும் கை வேகாது. இது டீச்சருங்களுக்குன்னே இருக்கு, பாடத்துக்குப் பாடம் கேள்வித்தாள். எல்லாமே சும்மா கிடைக்குது. எங்க டீச்சர்ங்க யாராச்சும் இதக் காட்டியிருந்தா நான் ஒன்பதாவதுல அப்படித் தூங்கியிருக்க மாட்டேன்."

ஒன்பதாவதில் அவளுக்கு அறிவியல் எடுத்தது இவர்தான். இவர் கேட்காத மாதிரி இதயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நாப்பது நிமிஷமா அந்த ஒரு இதயத்தையே திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பக்கம் இவ்வளவு நேரம் திரும்பினதில்ல."

"அப்பா, பேசாம இதையே அந்த அதிகாரிகிட்ட காட்டிடுங்க" என்றாள் மகள்.

"இதெல்லாம் படிவத்துல இல்லம்மா."

"உபயோகமா இருக்குல்ல?"

"உபயோகமா இருக்கான்னு படிவத்துல யாரு கேட்டா? கேணிதான் கேட்டிருக்கான்."

அடுத்த யோசனையை மனைவி சொன்னாள். "எங்க அக்கா வீட்டுக்காரர கேட்டுப் பாருங்களேன். அவர் ஸ்கூல்லயும் இந்தக் கேணி இருக்குமில்ல?"

அக்கா வீட்டுக்காரர் பக்கத்து வட்டாரத்தில் கணக்கு வாத்தியார். இவருக்குச் சகலை. இரண்டு பேருக்கும் வெளியில் சிரிப்பு, உள்ளுக்குள் சகலைப் போட்டி. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு நல்ல நாற்காலியில் முதலில் போய் உட்காருவது யார் என்பதில் ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. அந்த ஆளிடம் போய் உதவி என்று நிற்பதா? ஆனாலும் வேலை நீக்கம் என்ற சொல் கண்முன் வந்து நின்றது. போனைப் போட்டார்.

"அறிவுக்கேணியா? எங்க பசங்க அதுலயேதான் கிடக்குறாங்க சகல. இறங்கினா ஏற மாட்டேங்குறாங்க."

"உங்களுக்குத் திறக்குதா?"

"ஏன், உங்களுக்குத் திறக்கலையா?" அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷத்தை இவரால் தாங்க முடியவில்லை.

"சேச்சே! எங்களுக்கு என்ன குறை? பட்டுன்னு திறக்குது. உங்க பக்கம் முதல் பக்கம் எப்படி வருதுன்னு சும்மா கேட்டேன்."

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். "நீலக் கலர்" என்றார் சகலை. "மேல மூலைல ஒரு கிளி."

"கிளியா?"

"கிளிதான். தட்டினா கேள்வி கேக்கும். உங்களுக்குக் கிளி வரலையா?"

"வருது, வருது. எங்களுக்கு ரெண்டு கிளி வருது."

போனை வைத்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஊரெல்லாம் கேணியில் இறங்கிக் குளிக்கிறது, கிளியோடு பேசுகிறது. தனக்கு மட்டும் பக்கம் கிடைக்கவில்லை. படிவத்தில் ஓர் உதவி எண் இருந்தது. மறுநாள் பூராவும் அதைக் கூப்பிட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண் குரல் இருபது தடவை சொன்னது. அவ்வளவு முக்கியமானதை எடுத்துப் பேச ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

புதன்கிழமை தலைமையாசிரியை கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் உயிரோடிருந்த அந்த ஒரே பெட்டியைக் குப்புறப் போட்டு, திருகு கழற்றி, ஊதி, முகர்ந்து பார்த்தான்.

"ஒரு கோளாறும் இல்ல சார்."

"அப்ப ஏன் வரமாட்டேங்குது?"

"தெரியல சார். எதுக்கும் கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்குறேன்."

"எப்ப வரும்?"

"திங்கக்கிழமை."

வாத்தியார் வேண்டாம் என்று சொல்வதற்குள் பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. ஒன்று இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

தலைமையாசிரியை மூன்று பேர் கூட்டம் போட்டார். அவர், அறிவியல் வாத்தியார், டிராயிங் டீச்சர்.

"வரைஞ்சு வெச்சுட்டா என்ன?" என்றார் டிராயிங் டீச்சர்.

"எத?"

"கேணியத்தான். அந்த விசில் வெச்சிருந்த மானிட்டர் காலியாத்தானே இருக்கு? முன் கண்ணாடிக்குப் பின்னால மெல்லிசு தாள்ல வரைஞ்சு செருகிடலாம். பின்னால ஒரு டார்ச் லைட். தூரத்துலேர்ந்து பாத்தா யாருக்கு என்ன தெரியும்?"

"அவர் தட்டினா பக்கம் மாறணுமே டீச்சர்."

"மேஜைல வயர் போறதுக்குப் பெரிய ஓட்டை இருக்கு. கீழ ஒரு பிள்ளைய உக்கார வெச்சு, சுத்தித் துணி போட்டு மறைச்சுட்டா, அது கைய மேல விட்டுத் தாள மாத்திட்டே இருக்கும்."

இருபத்தாறு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஒருவர் இந்த இடத்தில் எழுந்து, "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது வேறு. "கிளி வரைவீங்களா டீச்சர்? ரெண்டு வேணும்."

அன்று சாயங்காலமும் மறுநாள் பூராவும் வேலை நடந்தது. டிராயிங் டீச்சர் வரைந்தார், வாத்தியார் பக்கத்திலேயே நின்று சொன்னார். என்ன வரைவது என்று சொல்ல அவருக்குக் கேணியைப் பற்றி ஒன்றும் தெரியாதே! அதனால் மகள் காட்டியதையெல்லாம் ஞாபகப்படுத்திச் சொன்னார். இதயத்தையே எட்டுக் கோணத்தில் எட்டுத் தாள். நட்சத்திரத்துக்கு நாலு. அமிலத்தை ஊற்றுவதற்கு முன், ஊற்றிய பின். பயிற்சி வினாவுக்கு ஆறு தாள், சரியான விடைக்குச் சிரிக்கிற கிளி, தப்பான விடைக்கு முறைக்கிற கிளி. முதல் பக்கம், மற்றது எல்லாம் சேர்த்து மொத்தம் முப்பத்தொரு தாள். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவருக்கே சூடு பிடித்துவிட்டது. "இந்த இடத்துல பிள்ளைக்குப் புரியாது டீச்சர், அம்புக்குறி போடுங்க. இங்க எழுத்து பெருசா வேணும், கடைசி பெஞ்சுக்காரனும் படிக்கணும்" என்று தாவித் தாவிச் சொன்னார். டிராயிங் டீச்சருக்கு விரல் வீங்கியது.

கடைசியில், தாள் தேடுவதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு நேரம் வேண்டுமே என்று ஒரு வட்டத்தையும் வெட்டி, 'சற்றே காத்திருக்கவும்' என்று எழுதி வைத்தார்கள்.

மேஜைக்கடியில் உட்கார ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே குட்டை ஒரு பெண்தான். அந்தப் பெண்ணுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கேள்வி பாதி வெளியே வரும்போதே அவள் விடை முழுசாக வந்து நிற்கும்.

"வேற பிள்ளையே கிடைக்கலையா?" என்று கவலைப்பட்டார் தலைமையாசிரியை.

"மத்ததெல்லாம் உள்ள உக்காந்தா மேஜை தூக்குது மேடம்."

வாத்தியார் முந்திரிக்கொட்டையைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "என்ன நடந்தாலும் நீ வாயத் திறக்கக் கூடாது. நான் மேலேர்ந்து சத்தமாச் சொல்லுவேன், நீ அந்தத் தாள எடுத்து..."

"செருகணும் சார்!"

"நான் சொல்லி முடிக்கலையே."

"சாரி சார்!"

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். பெருத்த உடம்பு, எந்நேரமும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு சின்ன வயசுப் பெண், தோளில் பை, கையில் நோட்டு. அவள் யாரென்று அதிகாரி சொல்லவில்லை. அலுவலகத்தில் குறிப்பெடுக்கிற பெண்ணாக இருக்கும் என்று இவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். கொண்டுவந்த டீயை இரண்டு பேரும் தொடவில்லை.

"நேரா கேணிக்கே போயிடலாம்" என்றார் அதிகாரி.

கம்ப்யூட்டர் அறையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. நடு மேஜையில் மானிட்டர் நீலமாக ஒளிவிட்டது. மேல் மூலையில் இரண்டு கிளிகள். சுற்றிலும் தரைவரை துணி. அதிகாரி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, சுட்டியைத் தொட்டார்.

"இதோ, சார் இதயத்தத் தட்டுறாங்க!" என்று வாத்தியார் உரக்கக் கத்தினார்.

அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் திரையில் வட்டம் வந்தது. முந்திரிக்கொட்டை அதை உள்ளிருந்து கையால் சுற்றினாள். சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எங்க ஆபீஸ்லயும் இப்படியேதான் சுத்தும்" என்றார் அதிகாரி. அவருக்கு முதல் தடவையாக முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. வாத்தியாருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

இதயம் வந்தது. "சார் வலது பக்கம் சுத்துறாங்க! சார் இடது பக்கம் சுத்துறாங்க! சார் உள்ள போறாங்க!" என்று வாத்தியார் கிரிக்கெட் வர்ணனை மாதிரி முழங்கினார். தாள்கள் சரசரவென்று மாறின. அதிகாரியோடு வந்த பெண் நோட்டில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே வந்தாள்.

"சார், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகணும்னா எங்க தட்டணும்?" என்று கேட்டாள்.

"அது... அந்த வீட்டுப் படத்துல மேடம்."

"பாஸ்வேர்ட் மறந்துட்டா?"

"மறக்க மாட்டாங்க மேடம். நோட்டுப் பின்அட்டைல எழுதி வெச்சிருப்பாங்க."

அதையும் எழுதினாள். "கிளி ஏன் ரெண்டு?"

மாட்டிவிடத்தான் கேட்கிறாள் என்று வாத்தியாருக்குப் பட்டது. "ஒண்ணு கேள்வி கேக்கும். பதில் தெரியாம முழிக்கிற பிள்ளைக்கு இன்னொண்ணு மெதுவா ஒரு குறிப்பு குடுக்கும். எடுத்த எடுப்புல தப்புன்னு சொன்னா பிள்ளை அப்புறம் கிட்டயே வராது மேடம்" என்று வாயில் வந்ததைச் சொன்னார். சொன்ன பிறகுதான், இது நல்லாத்தான் இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது.

"ஓ" என்று அந்தப் பெண் அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தத் தேடுற பெட்டில எத வேணா கேக்கலாமா?"

முப்பத்தொரு தாளில் அதற்குத் தாள் இல்லை. தலைமையாசிரியை வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார். அதிகாரி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, தட்டியதை வாய்விட்டும் சொன்னார். "நண்டுக்கு எத்தனை..."

"பத்து கால் சார்!" என்றது கம்ப்யூட்டர்.

"பேசுதே!" என்றார் அதிகாரி.

"பேசும் சார்" என்றார் தலைமையாசிரியை. அந்த அம்மாவுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்ததோ! "நூறு சதவீதம் பயன்படுத்தினா பேச ஆரம்பிச்சுடும். அறுபதுல எல்லாம் பேசாது."

அதிகாரி சுட்டியை விட்டுவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தார். "பூமிக்கு எத்தனை நிலா?"

"ஒண்ணு சார்!"

"சூரியன்லேர்ந்து வெளிச்சம் இங்க வர..."

"எட்டு நிமிஷம் இருபது செகண்டு சார்! ஆனா வெறும் எட்டுன்னு எழுதினா எங்க சார் அரை மார்க் பிடிச்சுடுவாரு சார்!"

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு வாத்தியாரை ஏறிட்டுப் பார்த்தாள். வாத்தியார் பல்லைக் காட்டினார். "ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தகுந்த மாதிரி பேசும் மேடம்."

அப்போது உள்ளே தூசி ஏறியது. பந்தும் வளையமும் ஒரு வருஷம் குடியிருந்த அறையல்லவா? மானிட்டர் முதலில் 'ஹ' என்றது. பிறகு 'ஹா' என்றது. பிறகு ஒரு பெரிய தும்மல் போட்டது. டார்ச் உருண்டது. திரை இருண்டது. நட்சத்திரமும் அமிலமும் கிளியுமாக முப்பத்தொரு தாளும் துணிக்கு வெளியே வந்து கொட்டின.

"ஆயுசு நூறு" என்றார் அதிகாரி, பழக்க தோஷத்தில்.

"தேங்க்ஸ் சார்" என்றது மேஜை.

துணி விலகியது. முந்திரிக்கொட்டை தவழ்ந்து வெளியே வந்தாள். கன்னமெல்லாம் கிளிப்பச்சை. எல்லாரையும் பார்த்தாள். வாய் கோணியது. "சாரி சார், தும்மல் வரும்னு எனக்குத் தெரியாது சார்" என்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

வாத்தியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது. அவளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"அழாத. நீ நல்லாத்தான் பண்ணின. தப்பு உன்மேல இல்ல." பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். "சார், பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மேடம் நான் நீட்டின இடத்துல கையெழுத்து போட்டாங்க, அவ்வளவுதான். எல்லாம் நான் பண்ணினது. அந்தக் கேணிய நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. பத்து மாசமும் நூறுன்னு சும்மா போட்டேன். திறந்து பாத்தா எனக்கு மட்டும் வரவே மாட்டேங்குது. எங்க சகலைக்குக் கூட வருது சார், எனக்கு வரமாட்டேங்குது! இந்தத் தாள்ல இருக்கிறதெல்லாம் என் பொண்ணு வேற எங்கெங்கயோ காட்டினது, பாதி நானா கற்பனை பண்ணினது. என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கூடவே வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்து அந்த லேசும் போய்விட்டது. தலைமையாசிரியை சுவரோடு சாய்ந்து நின்றார்.

அதிகாரி கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், பிறகு எதற்கோ அனுமதி கேட்பவர் போல அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவளோ தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மடங்கியதை நீவி விட்டாள். "இதுக்கு அடுத்தது எது பாப்பா?" என்று முந்திரிக்கொட்டையிடம் கேட்டுக் கேட்டு வரிசையாக நம்பர் போட்டாள். முந்திரிக்கொட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அவள் கேட்டு முடிக்குமுன் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். சுற்றுகிற வட்டத்தைக்கூட அந்தப் பெண் விடவில்லை. முப்பத்தொன்றையும் பத்திரமாகப் பைக்குள் வைத்து மூடினாள்.

"அதெல்லாம் சாட்சிக்கா மேடம்?" என்று கேட்டார் வாத்தியார்.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சாட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்; அந்த வெப்சைட்டச் செய்ய வேண்டியவளே நான்தான், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, ஆனா எல்லா ஸ்கூலும் அறுபது, நூறுன்னு பயன்படுத்துறதா மாசாமாசம் எழுதுறீங்களே, அது எப்படித்தான் இருக்கும்னு பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தோம்."